ஒரே கூண்டில் மாறி மாறி நின்றோம்

நேற்று டெல்லி துவாரகாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒரு நிற்க வைக்கும் கருவி வந்தது. இரண்டு ஆட்கள் லிஃப்டில் ஏற்றிக் கொண்டுவந்து, அட்டைப்பெட்டியைக் கிழித்து, கூடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். சக்கர நாற்காலியிலிருந்து அதன் இருக்கைக்கு மாறிக்கொண்டு, பக்கத்திலுள்ள கைப்பிடியைப் பம்பு அடிப்பதுபோல அடித்தால், இருக்கை மெதுவாக மேலேறி ஆளை நிறுத்திவிடுகிறது. என் மகன் வாங்கியது. பழைய மரச்சட்டம் ஆட்டம் கண்டுவிட்டது, இனி அதில் நிற்கக்கூடாது என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

முழங்காலை அணைக்கும் மெத்தையில் புது ரெக்ஸின் வாசனை அடித்தது. எழுந்து நின்ற அந்த நிமிஷத்தில் துவாரகாவும் தெரியவில்லை, பால்கனியும் தெரியவில்லை. பச்சை ரெக்ஸின் போர்த்திய அந்த ஆஸ்பத்திரிப் பலகையில் வாரால் கட்டப்பட்டு, முகமெல்லாம் வேர்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற நீதான் தெரிந்தாய். மருமகள் பயந்துபோய், "தலை சுத்தறதா அம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிக் கீழே இறங்கிவிட்டேன். எனக்கு எழுபது தாண்டிவிட்டது. நீ இருபத்தாறைத் தாண்டவில்லை. உனக்கு எழுத்துப் படிக்கத் தெரியாது என்பது தெரிந்தும் இதை எழுதுகிறேன்.

எண்பதாம் வருஷம் நாம் அந்த வார்டில் கிடந்தோம். நான் உனக்கு இரண்டு மாதம் முன்னால் வந்தவள். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறங்கி, சாலையோரக் கல்லில் முதுகு பட விழுந்தேன். மத்திய சர்க்கார் இலாகா ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை, அதே கட்டிடத்தில் குமாஸ்தா புருஷன், கோல் மார்க்கெட்டில் சர்க்கார் குவார்ட்டர்ஸ், நாலு வயதுப் பிள்ளை. இடுப்புக்குக் கீழே உடம்பே இல்லாததுபோல ஆனபின், இவை எல்லாம் வேறு யாருடையவோ என்று தோன்ற ஆரம்பித்திருந்தது. யாரோடும் பேசமாட்டேன். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன்.

உன்னை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். தலையில் செங்கல் வைத்துக்கொண்டு சாரத்தில் ஏறும்போது பலகை நழுவி, மூன்றாவது மாடி உயரத்திலிருந்து விழுந்தவள் என்று நர்ஸ் சொன்னாள். சின்னசேலம் பக்கத்துக்காரி. டெல்லிக்கு வந்து ஒரு வருஷம்தான். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. வார்டில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதால், உன் வாயாகவும் காதாகவும் என்னை ஆக்கிவிட்டார்கள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவளைத் திருப்பிப் போட்டது அந்த வேலைதான்.

முதல் வாரத்திலேயே பெரிய டாக்டர் உன் கட்டிலருகே வந்தார். எலும்பு நொறுங்கி நரம்பு போய்விட்டது, இவள் இனி நடக்கமாட்டாள், நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள் என்று என்னிடம் இந்தியில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். நீ என் வாயையே பார்த்தாய். எனக்கு இதே சேதியைச் சொன்ன நாள் ஞாபகம் வந்தது. கொஞ்ச நாள் ஆகும் என்று டாக்டர் சொல்வதாகச் சொன்னேன்.

நீ என் வாயிலிருந்து கண்ணுக்குப் பார்வையை உயர்த்தினாய். பிறகு சொன்னாய்: "எனக்கு இந்திதாம்மா தெரியாது. மூஞ்சி தெரியும்."

நான் அழுதேன். நீதான் கட்டிலிலிருந்து கையை நீட்டி என் விரலைப் பிடித்தாய். மறுநாளிலிருந்து என்னை 'அம்மா' என்று கூப்பிடுவதை விட்டு 'அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தாய்.

உடற்பயிற்சி அறையில் இருந்தவர் நடுவயதுப் பஞ்சாபிப் பெண்மணி. கண்டிப்பானவர். நடக்க முடியாதவர்கள் தினமும் ஏன் நிற்க வேண்டும் என்று அவர் விளக்குவார், நான் உனக்குத் தமிழில் சொல்வேன். நின்றால்தான் கால் எலும்பு உளுத்துப்போகாமல் இருக்கும். முழங்கால் மடங்கியபடியே இறுகிப்போகாது. குடல் வேலை செய்யும். சிறுநீர் தேங்கிக் கல்லாகாது. உட்கார்ந்திருக்கும்போது கால் மணிக்கு ஒருமுறை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். தினம் கண்ணாடியில் முதுகைப் பார்க்க வேண்டும். எங்காவது சிவந்திருந்தால், அந்தச் சிவப்பு போகிறவரை அந்த இடத்தில் பாரம் படக்கூடாது. நமக்கு வலி தெரியாது என்பதால் கண்தான் வலியின் வேலையைச் செய்ய வேண்டும். இதையெல்லாம் ஒரு சொல் விடாமல் உனக்குச் சொன்னேன். நான் எதையும் நம்பவில்லை. நீ எல்லாவற்றையும் நம்பினாய்.

முதல் நாள் உன்னைப் பலகையில் கட்டி நிமிர்த்தியபோது பாதியிலேயே கண் இருட்டி வாந்தி எடுத்தாய். எல்லோருக்கும் அப்படித்தான், ரத்தம் இறங்கிவிடும், நாளைக்கு இன்னும் கொஞ்சம் நிமிர்த்தலாம் என்றார் அந்தப் பெண்மணி. மறுநாள் காலை பத்து மணிக்கு வரவேண்டிய ஆயா வருவதற்குள் நீயே நாற்காலிக்கு மாறி, அந்த அறை வாசலில் போய்க் காத்திருந்தாய். பத்து நாளில் நேராக நின்றாய். அன்றுதான் எல்லோரும் உன் உயரத்தைப் பார்த்தோம். படுத்தும் உட்கார்ந்துமே பார்த்திருந்த எனக்கு நீ அவ்வளவு நெட்டை என்று தெரியாது. ஜன்னல் கம்பிக்கு மேலாக எட்டிப் பார்த்து, வெளியே நாவல் மரம் இருக்கிறது, ஒருத்தன் நிழலில் தூங்குகிறான் என்று எனக்கு அங்கிருந்தே சேதி சொன்னாய்.

என்னை நிறுத்தியபோது நான் கீழே குனிந்து என் கால்களைப் பார்த்தேன். அவை நின்றன. எனக்குத் தெரியாமல் நின்றன. அதைத் தாங்க முடியாமல் இறக்கிவிடச் சொல்லிக் கத்தினேன். அன்று சாயந்திரம் நீ, "நடக்கறதுக்குனு நெனச்சா அழுகதாங்க்கா வரும். சும்மா நிக்கறதுக்குனு நில்லு," என்றாய்.

ஆறு மாதம் கழித்து நான் வீடு திரும்பினேன். பஞ்சாபிப் பெண்மணி காகிதத்தில் வரைந்து கொடுத்த படத்தை என் கணவர் ஒரு தச்சரிடம் காட்டினார். தேவதாரு மரத்தில் செய்தார்கள். கீழே ஒரு பலகை, இரண்டு பக்கமும் மார்பளவு கட்டைகள், முழங்காலுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த கித்தான், இடுப்புக்குப் பின்னால் செருப்புத் தைப்பவர் செய்த தோல்வார், முன்னால் கை வைத்துக்கொள்ள ஒரு தட்டு. பிடித்து இழுத்து எழுவதற்கு மேலே ஒரு கம்பி. தச்சர் அதைக் கோர்ட்டில் சாட்சி நிற்கும் 'கட்கரா' என்று சொல்லிச் சிரித்தாராம். நாங்களும் கூண்டு என்றே சொல்ல ஆரம்பித்தோம். முதல் வாரம் இரண்டு நாள் நின்றேன். அப்புறம் அதில் துண்டும் புடவையும் காய்ந்தன.

உன்னையும் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியபின், நீ வந்தது அந்தக் குளிர்காலத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினோரு மணி இருக்கும். வாசலில் சத்தம் கேட்டுப் பார்த்தால், உன் புருஷன் சாமான் ஏற்றும் மூன்று சக்கர வண்டியை மிதித்துக்கொண்டு வந்திருந்தார். பின்னால் கோணிகளை மடித்துப் போட்டு, அதன்மேல் ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தையைப் போட்டு நீ உட்கார்ந்திருந்தாய். நீ விழுந்தபின் அவர் கட்டிட வேலையை விட்டுவிட்டு இந்த வண்டியை எடுத்தாராம், நினைத்த நேரத்தில் உன்னைப் பார்க்க வீட்டுக்கு வரலாம் என்பதற்காக. அவரும் என் கணவரும் சேர்ந்து உன்னைத் தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள்.

காப்பி குடித்தாய். கூண்டைப் பார்த்தாய். அதில் தொங்கிய என் புடவைகளையும் பார்த்தாய். நான் என்ன சமாதானம் சொல்வது என்று தேடிக்கொண்டிருந்தேன்.

"நான் கொஞ்சம் நிக்கட்டுமாக்கா?" என்றாய்.

வேறெதுவும் கேட்கவில்லை. நான் துணிகளை எடுத்தேன். நீ நின்றாய். ஒரு மணிநேரம். தட்டில் ஒரு குவியல் பச்சைப் பட்டாணியைப் போட்டேன், நின்றபடியே முழுவதையும் உரித்துக் கொடுத்தாய். வீட்டில் இப்படி ஒன்று செய்து வைத்துக்கொள்ளக்கூடாதா, இவர் அதே தச்சரிடம் சொல்வாரே என்று கேட்டேன். உன் குடிசையில் கூரை உன் தோள் உயரத்துக்குத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். "நின்னா தலை வானத்துல இருக்கும்க்கா," என்றாய். வெளியே வைக்கலாம் என்றால், போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தாய். உன் எதிரே உட்கார்ந்திருக்க வெட்கப்பட்டுத்தான் நான் மறுபடி நிற்க ஆரம்பித்தேன். நீ ஒரு மணிநேரம், நான் ஒரு மணிநேரம். மற்ற நாட்களிலும் நான் மட்டும் நின்றேன். ரேடியோவில் ஒரு நிகழ்ச்சி முடிகிறவரை என்று கணக்கு. நீ உடம்பைத் தூக்குவதற்கு எதைக் கணக்கு வைத்திருக்கிறாய் என்று கேட்டேன். கடிகாரம் ஏது, தண்டவாளத்தை ஒட்டித்தான் குடிசை, ரயில் போனால் தூக்குவேன், ரயில் வர நேரமானால் சும்மாவும் தூக்குவேன் என்றாய்.

நின்று முடித்தபின் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்வோம். ஒருத்தி குப்புறப் படுப்பாள், மற்றவள் முதுகின் கீழ்ப்பக்கத்தையும் இடுப்பெலும்பையும் குதிகாலையும் பார்ப்பாள். உன் குடிசை இருட்டு. இருந்ததோ உன் புருஷன் சவரம் செய்யும் கையளவு கண்ணாடி. அதனால் உன் முதுகை வாரத்துக்கு ஒருமுறை நான் பார்ப்பதுதான் பார்ப்பது. "செவப்பு இருக்காக்கா?" என்று தலையணைக்குள்ளிருந்து கேட்பாய். இல்லை என்றதும் ஒரு பெருமூச்சு விடுவாய். உன் புருஷனிடம்கூடக் கூச்சப்பட்ட இடங்களை என்னிடம் காட்டினாய். நானும் அப்படித்தான்.

நம் இருவர்மேலும் மூத்திர வாடை உண்டு. ரப்பர் குழாயும் துணியுமாகச் சமாளித்த காலம் அது. எனக்குக் குளியலறை பக்கத்தில் இருந்தது, மாற்றுத் துணி இருந்தது, பவுடர் இருந்தது. உனக்குக் குடத்துத் தண்ணீர்தான். பொதுக் கக்கூசுக்குப் போக முடியாது என்பதற்காகத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டிருந்தாய். அது மட்டும்தான் நீ மீறிய விதி. என் வீட்டுக்கு வந்ததும் ஒரு சொம்பு தண்ணீரை நிறுத்தாமல் குடிப்பாய்.

இரண்டு வருஷம் இப்படி நடந்தது. மூன்றாம் வருஷ மழைக்காலத்தில் என் கணவருக்குப் பதவி உயர்வு வந்தது. செக்‌ஷனில் இருந்தவர்களை மனைவியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை டிபனுக்கு அழைத்திருந்தார். விபத்துக்குப் பிறகு முதல்முறையாக நான் பட்டுப்புடவை கட்டினேன். நாற்காலியின் சக்கரம் தெரியாதபடி கொசுவத்தை விட்டுக்கொண்டேன். வந்த பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அதிகாரியின் மனைவி, பார்த்தால் ஒன்றுமே ஆகாதவள்போல இருக்கிறாயே என்று இந்தியில் சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்டு நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உனக்குச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அப்போது வாசலில் உங்கள் வண்டி நின்றது. நீ வருகிற நாள் என்பதை நான் மறந்துபோகவில்லை. நாலு நாள் முன்பே அதை நினைத்தேன். சொல்லி அனுப்ப ஆள் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு விட்டுவிட்டேன். என் கணவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அடுத்த வாரம் வரச் சொல்லிடுங்க," என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு வெளியே போனார்.

ஜன்னல் வழியாக எனக்கு வாசல் தெரிந்தது. அவர் ஏதோ சொன்னார். நீ தலையை ஆட்டினாய். உன் புருஷன் என்னவோ சொல்ல வந்தார், நீ அவர் தோளில் கை வைத்தாய். வண்டி திரும்பியது. திரும்பும்போது நீ இரண்டு கையையும் பலகையில் ஊன்றி உடம்பைத் தூக்கினாய். அப்படியே தூக்கிப் பிடித்தபடி போனாய், வண்டி தெருமுனை தாண்டுகிறவரை. வழக்கத்தைவிட அதிக நேரம் தூக்குகிறாளே என்று நினைத்தேன். அதிகாரியின் மனைவி வடை நன்றாக இருக்கிறது என்றாள். நான் அவள் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு நீ வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கோபம் என்று நினைத்தேன். என் கணவர் உங்கள் குடிசைப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, தண்டவாளத்தோரம் ஒரு குடிசையும் இல்லை, எல்லோரையும் லாரியில் ஏற்றி யமுனைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டார்களாம் என்றார். எந்த இடம் என்று விசாரித்தோம். ஒருவர் ஒன்று சொன்னார், இன்னொருவர் வேறு சொன்னார். இன்னும் நன்றாக விசாரித்திருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து உன் புருஷன் வந்தார். வண்டி இல்லாமல் நடந்து வந்திருந்தார். தலை மொட்டையடித்திருந்தது. எனக்கு அதைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, ஆனாலும் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன்.

அவர் உட்கார மறுத்துவிட்டார். வராந்தாவில் நின்றபடியே சொன்னார். புது இடத்தில் மழையில் நாலு நாள் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் இருந்திருக்கிறீர்கள். மெத்தை நனைந்துவிட்டது. காய்ச்சல் வந்தது. மலேரியா என்று மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோதுதான் புண்ணைப் பார்த்தார்கள். மேலே ஒரு ரூபாய்க் காசளவு, உள்ளே எலும்புவரை. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். பதினெட்டு நாள் இருந்தாயாம்.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அன்னிக்கு இங்க வந்தமே, அதுக்கு முந்தியே ஒரு எடத்துல செவப்பா இருக்குமோனு அவளுக்கு சந்தேகம்மா. கண்ணாடில சரியா தெரியல. அக்கா பாத்தா சொல்லிரும்னு வந்தா."

"ஏன் அதை அப்பவே வாசல்ல சொல்லல?"

"நான் சொல்றேன்னேன். வேணாம்னுட்டா. பெரிய மனுசங்க வந்திருக்காங்க, அவங்க முன்னால நம்மள தூக்கிட்டுப் போனா நமக்குத்தான் கொறச்சலா இருக்கும், அது தெரிஞ்சுதான் அக்கா அப்புறம் வரச் சொல்லுதுன்னா." தரையைப் பார்த்தபடியே, "ஒங்கள பத்தி ரொம்ப பெருமையா பேசுவாம்மா," என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கம் என்று அவர் நினைத்திருப்பார். என் கணவர் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். ஊருக்கே போகப்போவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

அந்த வருஷத்திலிருந்து நான் நிற்காத நாள் என்றால் காய்ச்சல் நாட்கள்தான். ஆபீசுக்குத் திரும்பிப் போனேன். டைப் அடிக்கும்போது கால் மணிக்கு ஒருமுறை உடம்பைத் தூக்குவேன், பக்கத்து மேஜைக்காரி பழகிவிட்டாள். கொஞ்ச காலம் அந்த வார்டுக்கும் மாதம் ஒருமுறை போனேன். தமிழ் பேசும் பெண்கள் யாராவது வந்திருந்தால் டாக்டர் சொல்வதைச் சொல்லிக் கொடுப்பேன். எதையும் குறைத்துச் சொல்லமாட்டேன். அவர்கள் வீட்டுக்குப் போனபின் முதுகை யார் பார்ப்பார்கள் என்று கேட்பேன். பலருக்கு அப்படி ஆள் இல்லை. சிலருக்கு நான் பார்த்தேன். அதில் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள். ஒருத்தி மயூர் விஹாரில் தையல் கடை வைத்திருக்கிறாள். இதைச் சொல்வதால் உனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

என் கணவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் பேசவில்லை. நானும் பேசவில்லை.

போன மாதம் ஒரு சின்ன வயது டாக்டர் என் சிறுநீரகப் படங்களைப் பார்த்துவிட்டு, நாற்பது வருஷத்துக்குமேல் நாற்காலியில் இருப்பவருக்கு இவ்வளவு சுத்தமாக இருந்து தான் பார்த்ததில்லை என்றாள். முதுகில் ஒரு தழும்புகூட இல்லையே என்று நர்சைக் கூப்பிட்டுக் காட்டினாள். யார் இப்படிப் பழக்கியது என்று கேட்டாள். என்னோடு வார்டில் இருந்த ஒரு பெண் என்றேன். அவங்களும் நல்லா இருக்காங்களா என்று ஆவலாகக் கேட்டாள். நான் பையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

உன் புருஷனிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டியதை உன்னிடம் சொல்கிறேன். உனக்குக் குறைச்சல் வரக்கூடாது என்று நான் உன்னைத் திருப்பி அனுப்பவில்லை. உன்மேல் அடிக்கிற வாடை அந்தப் பெண்களின் மூக்கில் பட்டால், என்மேலும் அதுதான் அடிக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன். ஒரு பகல், ஒன்றுமே ஆகாதவள்போல இருக்க ஆசைப்பட்டேன். வேறு காரணம் இல்லை. முகத்தைப் பார்த்தே எல்லாவற்றையும் தெரிந்துகொள்கிறவள் நீ. அன்று நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இருந்தேன், நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அதனால் எனக்கு ஒரு நல்ல பேரை வைத்துவிட்டுப் போய்விட்டாய். அதை இத்தனை வருஷமாக நான்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன். என்னுடையது இல்லை என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க எனக்கு ஆள் இல்லை.